வடிவமைப்புக் கலைக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவன்

தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கற்கும் மாணவன் பட்டம் பெற்றபின் யாது செய்வான் என்னும் வினா விடுதியிலும் வீட்டிலும் ஓயாது எழுவதொன்று. ஆசிரியத் தொழில், அரசாங்கத் தேர்வு, பத்திரிகைத் தொண்டு, மேற்படிப்பு என நான்கு விடைகள் வழக்கமாகக் கூறப்படும். ஐந்தாவது விடையொன்றும் உண்டு என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் பிறவிடங்களிலும் உள்ள சர்வகலாசாலைகள் சில, 'யூசர் சென்டர்டு டிசைன்' என்னும் துறையிலே குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பை நடத்தி வருகின்றன. இப்பெயரைப் 'பயன்கொள்வோரை நடுவாகக் கொண்ட வடிவமைப்பு' என நாம் தமிழில் வழங்கலாம். அப்படிப்பிற்குத் தமிழ் மாணவன் விண்ணப்பித்தல் தகுமோ, தகுமெனின் தன் விண்ணப்பத்தில் எதனை எழுதுவான் என்பனவே ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். 'இது பொறியியல் கற்றார்க்கு உரியது, நமக்கென்ன?' என்று ஏட்டைப் புரட்ட எண்ணும் நண்பர் சற்றே பொறுப்பாராக.

முதற்கண் அத்துறை இன்னதென அறிதல் வேண்டும். ஒரு பொருளைச் செய்வோன் தனக்கு எளிதாகத் தோன்றியவாறு செய்யாமல், அதனைக் கையாளப் போகின்றவர் யார், எந்நிலையில் கையாள்வர், எவ்விடத்தே இடறுவர் என்பவற்றை முன்னரே கண்டறிந்து, அவர் கையிலேயே கொடுத்துச் சோதித்து, திருத்தித் திருத்திச் செய்தல் இக்கலையின் நெறியாகும். கேட்பதற்கு இது யாவரும் அறிந்த செய்தி போலத் தோன்றும். ஆயின் உலகம் இதனை மிக்க பொருட்செலவின் பின்னரே கற்றது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943-ஐ ஒட்டி, பி-17 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்களிலே ஒரு புதுமையான விபத்து மீண்டும் மீண்டும் நேர்ந்தது. விமானம் நலமே தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் சென்றுகொண்டிருக்கையில் ஓட்டுநன் சக்கரங்களை உள்ளே மடக்கிவிடுவான். விமானம் வயிறு தேயத் தரையில் விழும். மேலதிகாரிகள் இதனை ஓட்டுநனின் கவனக் குறைவெனக் கொண்டனர். அல்போன்ஸ் சாப்பானிஸ் என்னும் உளநூல் அறிஞர் விமானத்தின் உள்ளே சென்று நோக்கினார். சிறகின் மடலை இயக்கும் பிடியும், சக்கரத்தை இயக்கும் பிடியும் ஒரே வடிவினவாய் அருகருகே அமைந்திருக்கக் கண்டார். மற்றொரு வகை விமானமாகிய சி-47-இல் அவை இவ்வாறு அமையவில்லை. அதிலே அவ்விபத்தும் இல்லை. ஓட்டுநன் அவ்வேளையில் கண்ணை முன்னே வைத்துக் கையாலேயே தேடுகின்றான் அன்றோ? எனவே சாப்பானிஸ் சக்கரப் பிடியின் தலையில் சிறியதொரு ரப்பர்ச் சக்கரத்தையும், மடற்பிடியின் தலையில் ஆப்புப் போன்றதொரு வடிவையும் பொருத்தச் செய்தார். கை தானே வேறுபாட்டை உணர்ந்தது. அவ்வகை விபத்தும் ஒழிந்தது.

போர் முடிந்தபின், 1947-இல், ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்னும் இருவர், 'ஓட்டுநர் பிழை' எனப் பெயரிடப்பட்ட 460 நிகழ்ச்சிகளைத் திரட்டி ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவற்றுள் ஏறக்குறையப் பாதி, ஒரு பிடிக்கு மாறாக மற்றொன்றை இயக்கியதனால் விளைந்தவை. பழி மனிதன்மேல் சுமத்தப்பட்டிருந்தது. குற்றமோ கருவியின் அமைப்பில் இருந்தது. ஓய்வுநாளைக் குறித்துக் குறைகூறிய பரிசேயருக்கு நம் ஆண்டவர் அளித்த மறுமொழியைப் படித்தவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. எது எதற்காக உண்டானது என்னும் முறை பிறழும்பொழுது துன்பம் மனிதனைச் சாரும்.

இனி, நம் நாட்டிற்குரிய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 1680-இல் இத்தாலியிற் பிறந்து, நம்மிடை வந்து வீரமாமுனிவர் எனப் பெயர் பூண்ட பெஸ்கி பாதிரியார் காலம்வரை, தமிழெழுத்தில் எகர ஒகரக் குறிலுக்கும் ஏகார ஓகார நெடிலுக்கும் வேறுபாடு புள்ளியொன்றே. குறிலுக்குப் புள்ளியிடுதல் வேண்டும் என்பது இலக்கணம். ஓலையிலோ புள்ளி குத்தின் ஏடு கிழியும் என்று அஞ்சிப் பெரும்பாலும் அதனை விட்டுவிடுவர். ஆகவே 'தென்' என்பதும் 'தேன்' என்பதும், 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் ஏட்டிலே ஒன்றுபோல் நின்றன. தமிழிலேயே பிறந்து வளர்ந்த புலவர்க்கு இஃதோர் இடர்ப்பாடாகத் தோன்றவில்லை. இடம் நோக்கி அவர் எளிதிற் படித்துச் சென்றனர். முப்பது வயதளவில் இம்மொழியைப் புதிதாகக் கற்கப் புகுந்த ஒருவர்க்கே அவ்விடர் நன்கு புலனாயிற்று. முனிவர் நெடிலுக்குத் தனி வடிவு வகுத்தார். இன்று நாம் எழுதுவது அதுவே.

இச்செய்தியில் நான் பெரிதும் மதிப்பது அவ்வடிவை மட்டுமன்று. வல்லவன் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளம் புதியோன் காலில் தட்டுப்படும் என்னும் உண்மையே இக்கலைக்கு அடிப்படை என்பதனால், புதியோனை அழைத்து நடக்கச் செய்து, அவன் எங்கே இடறுகின்றான் எனக் குறித்துக்கொள்ளுதல் இத்துறையாரின் முதல் வேலையாயிற்று.

நல்லெண்ணம் ஒன்றே போதாதோ எனின், போதாது. 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஃபிளாரிடா மாகாணத்துப் பாம் பீச் என்னும் வட்டத்தில் நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அவ்வட்டத்தில் முதியோர் மிகுதி. வேட்பாளர் பெயர்களும் பல. எல்லாப் பெயரையும் ஒரு பக்கத்தில் அடக்கின் எழுத்துச் சிறிதாகும். முதியோர் படிக்க இயலாது என இரங்கி, பெயர்களைப் பெரிய எழுத்தில் இரு பக்கத்தும் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவே ஒரே வரிசையாக அமைத்தனர். இடப்பக்கத்தில் முதற்பெயர் புஷ் என்பாருடையது. இரண்டாம் பெயர் கோர் என்பாருடையது. நடுவரிசையில் இரண்டாம் துளையோ வலப்பக்கத்து முதற்பெயராகிய புக்கானனுக்கு உரியது. கோருக்கு உரியது மூன்றாம் துளை. அவ்வட்டத்தில் புக்கானன் 3,407 வாக்குப் பெற்றார். அது பிற வட்டங்களின் போக்கோடு சிறிதும் ஒவ்வாத தொகை. ஒன்றுக்கு மேற்பட்ட துளையிடப்பட்டுக் கழிக்கப்பட்ட சீட்டுகளோ 19,000-க்கு மேற்பட்டன. மாகாணம் முழுவதிலும் புஷ் பெற்ற மிகுதி 537 வாக்கே. அதுவே நாட்டின் தலைமையை முடிவு செய்தது. அச்சீட்டை அமைத்தவர் முதியோரை நினைத்தே அமைத்தனர். நினைத்ததோடு நில்லாமல், முதியவர் பதின்மரை அழைத்து, 'இன்னாருக்கு வாக்களியுங்கள்' எனச் சொல்லி அச்சீட்டைக் கையிற் கொடுத்துப் பார்த்திருப்பரேல் ஒரு காலைப் பொழுதில் குறை வெளிப்பட்டிருக்கும்.

இப்படிச் செய்தலை ஒரு முறையாக வகுத்தோருள் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த கூல்ட், லூயிஸ் என்னும் இருவர் குறிக்கத்தக்கவர். 1985-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலே, தொடக்கத்திலேயே பயன்கொள்வோரையும் அவர்தம் பணியையும் நோக்குதல், அவர் செய்கையை நேரில் அளந்தறிதல், திரும்பத் திரும்பத் திருத்துதல் ஆகிய மூன்றையும் அடிப்படை நெறிகளாகக் கூறினர். அதற்கடுத்த ஆண்டு, கலிபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியேகோ நிலையத்தில் பணியாற்றிய டொனால்டு நார்மன், டிரேப்பர் என்பவரோடு சேர்ந்து தொகுத்த நூலினால் இத்துறைக்குரிய பெயர் பரவிற்று. கதவு, அடுப்பு, தொலைபேசி போன்ற அன்றாடப் பொருள்களைக் கொண்டே நார்மன் இக்கருத்தை விளக்கிய மற்றொரு நூல் 1988-இல் வந்தது. பின்னர் சர்வதேசத் தரநிர்ணயமும் ஏற்பட்டது. இவ்வரலாற்றை இன்னும் விரிப்பதால் பயனில்லை.

இனி நம் வினாவிற்கு வருவோம். தமிழ் மாணவனுக்கும் இக்கலைக்கும் இயைபு யாது? நன்னூலைத் திறந்தால் முதலிலே நிற்பது பாயிரம். நூலின் சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய பொருள் எட்டு எனப் பவணந்தியார் வகுத்தனர். அவற்றுள் கேட்போர், பயன் என்பன இரண்டு. நூலை எழுதத் தொடங்கு முன்னரே, இது யாருக்கு, இதனால் அவர்க்கு யாது நன்மை எனச் சொல்லியாக வேண்டும் என்பது நம் இலக்கணத்தார் கொண்ட கட்டளை. உரையாசிரியர்களோ அதற்கும் ஒருபடி மேற்சென்றனர். சேனாவரையர் உரையையாவது நச்சினார்க்கினியர் உரையையாவது படித்தவர், 'என்னையெனின்', 'அற்றேல்' என்னும் சொற்களை எத்தனை முறை கண்டிருப்பர்! படிப்பவன் எவ்விடத்தே ஐயுறுவான் என முன்னரே கருதி, அவ்விடத்தே அவன் வாயில் வினாவை வைத்து, விடையும் கூறிச் செல்லும் முறை அது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் ஆகாது. உரையாசிரியர் படிப்பவனை மனத்திலே கற்பித்துக்கொண்டார். இக்கலையோர் அவனை நேரே அழைத்து உட்காரவைத்துப் பார்க்கின்றனர். இந்த வேறுபாட்டை உணராது, 'எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே' என்று விண்ணப்பத்தில் எழுதுவோமாயின், படிப்போர் நகைப்பர், நகைப்பதும் நியாயமே.

இயைபு இலக்கணத்தின் உள்ளேயும் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசாங்கம் ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' என்னும் கணினி விசைப்பலகையை நோக்குக. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் நிற்கின்றன. தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருதலின் இரு கைகளும் மாறி மாறி இயங்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். மெல்லினத்தையும் அதற்கு இனமான வல்லினத்தையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் அவ்வாறே. ஙகரத்தின்பின் ககரமும், நகரத்தின்பின் தகரமும் வருமிடத்து முன்னெழுத்து மெய்யாய் நிற்பதே தமிழில் பெருவழக்கு என்பதை அப்பலகை அறிந்திருக்கின்றது. இன எழுத்தும் மெய்ம்மயக்கமும் தேர்வுக்காகவே நெட்டுருச் செய்யப்படுவன என எண்ணியிருந்த எனக்கு, அவை கோடிக்கணக்கான விரல்களின் உழைப்பைக் குறைக்கும் கருவியாய் அமைந்திருத்தலைக் கண்டபொழுது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. புணரியல் வகுப்பில் உறங்கும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

மேல்நாட்டிலும் மொழி கற்றோர் இக்கலைக்குப் புறம்பானவராகக் கருதப்படவில்லை. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் இன்று இக்கலையைக் கற்பிக்கும் துறை, முன்னர்த் தொழில்நுட்பச் செய்திகளைத் தெளிவாக எழுதும் கலையைக் கற்பித்த துறையாய் இருந்ததே. எந்திரத்தைக் கையாளும் முறையை எழுதிக் கற்பித்தவர்கள், எழுத்து எவ்வளவு தெளிவாயினும் எந்திரமே குழப்பமாயின் பயனில்லை எனக் கண்டு எந்திரத்தின் அமைப்பிலேயே தலையிட்டனர் என்று அம்மாற்றத்திற்குப் பொருள் கொள்ளலாம். 2009-இல் துறையின் பெயரும் மாறிற்று. இத்தகைய இடத்தில், 'நான் மொழி பயின்றவன்' எனச் சொல்லுதற்கு நாணவேண்டுவதில்லை.

விண்ணப்பத்தில் வேண்டப்படுவன யாவை? இளங்கலைப் பட்டம், மதிப்பெண் பட்டியல், கல்வியும் பணியும் பற்றிய குறிப்பு, விண்ணப்பிக்கும் நோக்கத்தைக் கூறும் கட்டுரை ஆகியன பெரும்பாலும் கேட்கப்படும். சில இடங்களில் ஆசிரியர் பரிந்துரையும், அயல்நாட்டார்க்கு ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் வேண்டும். இவற்றுள் மாணவன் இனிமேல் செய்துகொள்ளத்தக்கது நோக்கக் கட்டுரை ஒன்றே. ஏனையவை முன்பே நடந்து முடிந்தவை. ஆகவே அதனைப் பற்றியே சற்று விரிவாகக் கூறுவேன்.

'இளமை முதலே எனக்குக் கணினியில் ஆர்வம் மிகுதி' எனத் தொடங்கும் கட்டுரைகள் எண்ணில. தேர்வுக் குழுவினர் ஒரே வாரத்தில் அத்தகைய கட்டுரைகள் பலவற்றைப் படிக்க வேண்டியவர். அவர் களைத்திருப்பர், விரைந்து படிப்பர், எதையேனும் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவர். இக்கலையின் நெறிப்படி நோக்கின் நம் கட்டுரையின் பயன்கொள்வோர் அவரே. அவர்க்கு ஆர்வம் என்னும் பண்புப் பெயரால் ஆவதொன்றில்லை. நாம் எதைக் கண்டோம், எவரோடு அமர்ந்து கண்டோம், கண்டபின் எதை மாற்றினோம், மாற்றியதைத் திரும்பவும் சோதித்தோமா என்பவையே அவர்க்கு வேண்டுவன. பெரிய பொருளைத் தேடி அலைய வேண்டியதுமில்லை.

என் பாட்டியாருக்குத் துணையாக மாதந்தோறும் ஒரு வங்கிக்குச் சென்று வருவதுண்டு. பணம் எடுக்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா' என்று அயலாரை வேண்டி நிற்கும் முதிய தாய்மாரை அங்கே எப்பொழுதும் காணலாம். அவருட் பலர் எழுத்தறியாதவர் அல்லர். வேதப் புத்தகத்தை நாடோறும் தடையின்றிப் படிப்பவரும் சிலர் உளர். சீட்டை எழுத மட்டும் அஞ்சுகின்றனர். கணக்குப் புத்தகத்தில் உள்ள கணக்கு எண்ணை அயலார் முன்னே விரித்துக் காட்டுகின்றனர். எவ்வளவு பணம் எடுக்கப் போகின்றனர் என்பதும் அயலார்க்குத் தெரிந்துவிடுகின்றது. நம்பத்தகாதவன் கையில் அச்சீட்டுச் சிக்கின் என்னாகும்? இதனை எண்ணி, விடுமுறையில் அச்சீட்டுப் போன்றதொன்றைத் தாளில் வரைந்து, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்தைச் சார்ந்த அம்மாமார் எழுவரிடம் ஒவ்வொருவராகக் கொடுத்து, ஐந்நூறு ரூபாய் எடுப்பதாகப் பாவித்து எழுதும்படி வேண்டினேன். உதவி ஒன்றும் செய்யாமல் அருகிருந்து நோக்கினேன். (உதவாதிருத்தல் எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தார்க்கே தெரியும்.)

கணக்கு எண்ணிலே சிலர் தடுமாறினர். புத்தகத்தில் தொடர்ந்து அச்சிட்டிருக்கும் எண்ணைக் கட்டங்களில் ஒவ்வோர் இலக்கமாக இறக்குகையில் நடுவிலே இடம் தவறியது. நான் சிறிதும் எதிர்பாராத தடை மற்றொன்று. 'ரூபாய் (எழுத்தால்)' என்னும் இடம் வந்ததும் இருவர் எழுதுகோலை நிறுத்திவிட்டனர். ஒருவர் என்னை நோக்கி, 'எழுத்தாலன்னா கையெழுத்தா தம்பி, இங்கயும் போடணுமா?' என்று கேட்டார். மூன்றாம் வேற்றுமைக் கருவிப் பொருளை மூன்றாண்டு கற்கின்ற எனக்கு 'எழுத்தால்' என்பது தெளிவாய் இருந்தது. அவ்வம்மையார் பேசும் தமிழில் 'எழுத்து' என்றால் ஏட்டில் உள்ள எழுத்து, அன்றேல் கையெழுத்து. எண்ணுக்கு மறுதலையான பொருளில் அச்சொல்லை அவர் கேட்டதே இல்லை. 'தொகையைச் சொல்லாக எழுதவும்' என மாற்றி, அதன் கீழே சிறிய எழுத்தில் 'ஐந்நூறு ரூபாய்' என ஓர் எடுத்துக்காட்டும் வைத்தேன். கணக்கு எண்ணுக்குரிய கட்டங்களை நந்நான்காகப் பிரித்து இடைவெளி விட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின்னர், முன் எழுதாத வேறு நால்வர் எழுதினர். 'சொல்லாக' என்னும் இடத்தில் ஒருவரும் நிற்கவில்லை. எண்ணில் ஒருவர் அப்பொழுதும் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார்.

ஏழு பேரையும் நால்வரையும் கொண்டு என்ன நிறுவ முடியும் என வினவலாம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான இடர்கள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் எழுதியுள்ளார். அதனை மறுப்பாரும் உளர். நோக்கக் கட்டுரைக்கு அவ்வளவு போதும். ஆனால் சொல்லும்பொழுது உள்ளவாறே சொல்ல வேண்டும். எழுவரை 'நூற்றுக்கணக்கானோர்' ஆக்குதலும், தாளில் வரைந்ததை 'வங்கிச் சீர்திருத்தம்' எனக் கூறுதலும் ஆகா. இலக்கத்தை விட்ட அவ்வொருவரையும் சேர்த்து எழுதுக. இக்கலை திருத்தத்தை நம்பி நிற்பது. முதன்முறையிலேயே முழு வெற்றி கண்டதாகக் கூறும் மாணவனை அவர்கள் ஐயுறுவர். வரைந்த தாள்கள் இரண்டையும், முன்னதன் பக்கத்தில் பின்னதை வைத்துப் படமெடுத்து அனுப்ப இடமிருப்பின் அனுப்புதல் நலம்.

நண்பரொருவர், 'தமிழ் கற்றவன் அதனை விட்டு அயலவர் கலைக்கு ஓடுதல் முறையோ?' எனக் கேட்டார். இவ்வினாவை நான் எளிதாகத் தள்ளவில்லை. வீட்டிலும் இதே வினா வேறு முகத்தோடு எழும். 'மூன்று வருஷம் தமிழ் படித்தது வீணா?' என்பர். யான் கூறும் விடை இதுவே. இன்று நம் மக்கள் தமிழை மிகுதியாகப் படிக்கும் இடங்கள் நூல்களல்ல. வங்கி எந்திரத்தின் முகப்பு, கைபேசியின் அறிவிப்பு, அரசாங்கப் படிவம், மருந்துச் சீட்டு ஆகியவற்றிலேயே அவர் தமிழைச் சந்திக்கின்றனர். அங்குள்ள தமிழில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. எழுதியபின் ஒரு தமிழரிடம் படித்துக் காட்டப்படாதது. அவ்விடங்களைத் தமிழறியாதார் கையில் விட்டுவிட்டு, சங்க நூற்பெருமையை நாம் மேடையில் பேசிக்கொண்டிருத்தல் எவ்வளவு பொருந்தும்?

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்கக் கூடாது. சான்றிதழ் என்பது பட்டமன்று. பலவிடங்களில் அது பணியிலிருப்பவர் மாலையில் வந்து கற்றற்கென அமைந்தது. அமெரிக்க நாட்டு மாணவர் அனுமதிக்கு முழுநேரப் படிப்பு வேண்டும் என்பது விதி. ஆதலால் பகுதிநேரச் சான்றிதழ் ஒன்றை நம்பிக் கடல் கடக்க எண்ணுதல் இயலாது. கட்டணம் கட்டுமுன், அயல்நாட்டு மாணவரை ஏற்பார்களா, வீட்டிலிருந்தே கணினி வழியாகக் கற்க இடமுண்டா, இங்குப் பெற்ற மதிப்பு பின்னர் முதுகலைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படுமா என்னும் மூன்றையும் அலுவலகத்திற்கு எழுதிக் கேட்டறிக. விண்ணப்பக் கட்டணம் மட்டுமே நம்மிற் பலர் வீட்டின் ஒரு மாதச் செலவிற்கு நிகராகக்கூடும். அது சேர்க்கை மறுக்கப்படினும் திரும்பி வாராது. நம் நாட்டிலும் வழியுண்டு. சார்லஸ் ஈம்சும் அவர் மனைவி ரே ஈம்சும் 1958-இல் இந்திய அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிலையம் தோன்றியது. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் 'சீட்' என்னும் நுழைவுத் தேர்வை, பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் மூன்றாண்டுப் பட்டம் முடித்தவர் எத்துறையினராயினும் எழுதலாம். அதிலே வரைதலும் சோதிக்கப்படும். எழுதுகோல் பிடிக்கும் நமக்கு அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி ஒன்று கூறி முடிக்கின்றேன். பயன்கொள்வோரை நடுவாகக் கொண்ட கலைக்குரிய படிவமேயாயினும், அதன் முதல் வரி தமிழனை இடறச் செய்கின்றது. 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என இரண்டு இடங்கள் உள்ளன. இரண்டாவதை நிரப்பாவிடின் படிவம் மேலே செல்ல விடுவதில்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தோடு தன் பெயர் ஒன்றே உடையவன் யாது செய்வான்? ஒருவன் தந்தை பெயரை விரித்து எழுதுகின்றான். மற்றொருவன் முதலெழுத்தையே எழுதுகின்றான். வேறொருவன் தன் பெயரையே இரண்டாக வெட்டுகின்றான். கடவுச்சீட்டில் ஒரே பெயருடையார்க்கு அமெரிக்க அனுமதிச் சீட்டில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதற்குரிய மூன்றெழுத்துக் குறியீடு பொறிக்கப்படுவதும் உண்டு. பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்த போதகர் இதனைக் கேட்பின் வருந்துவார். மதிப்பெண் பட்டியல், கடவுச்சீட்டு, விண்ணப்பம் மூன்றிலும் பெயர் ஒரே வகையாக இல்லாவிடின் மறுமொழி வருவதில் மாதக்கணக்கில் தாமதம் நேரலாம். ஆகவே கடவுச்சீட்டுக்கு எழுதும் நாளிலேயே, தந்தை பெயரை விரித்து எவ்விடத்தில் வைப்பது என்பதை முடிவுசெய்து, அன்று முதல் எல்லாத் தாளிலும் அதனையே எழுதி வருக. நோக்கக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டு அகப்படாதவர், இவ்வொரு வரியையே எடுத்துக்கொண்டு, விடுதி நண்பர் பதின்மர் அதனை எவ்வெவ்வாறு நிரப்புகின்றனர் எனப் பார்த்து எழுதலாம்.